சுண்டை வேரும் கத்தரித் தலையும்: வல்லத்திராக்கோட்டையில் இரண்டு நாள்

வியாழக்கிழமை காலை 4.50 மணிக்கு ஒட்டன்சத்திரத்தில் திண்டுக்கல் பேருந்தில் ஏறினேன். பையில் மாற்றுப் புடவை ஒன்று, பிளேடு ஒரு பெட்டி, கைக்கொத்து ஒன்று, அரைக் கிலோ பிளீச்சிங் பவுடர். இந்தச் சாமான்களோடு ஊருக்குப் போகிற பெண்பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரும். என் வீட்டுக்காரருக்கும் வந்தது. "நாத்து நல்லபடியாப் போய்ச் சேந்துச்சு. அதுக்கு மேல அவங்க மண்ணு, அவங்க தண்ணி. நீ போய் என்ன செய்யப் போற?" என்று வாசல்வரை வந்து கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். அன்றும் வந்தது.

நாங்கள் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறோம். தக்காளி, மிளகாய் எல்லாம் போட்டாலும், இரண்டு வருடமாக வெளியூர்களில் எங்களைத் தெரிவது சுண்டை ஒட்டுக் கத்தரியால். சுண்டைக்காய்ச் செடியை வளர்த்து, நான்கு விரல் உயரத்தில் அதன் தலையைச் சாய்வாக வெட்டி, அதே பருமனுள்ள கத்தரி நாற்றின் தலையை அங்கே பொருத்தி, சின்னக் கிளிப் ஒன்றை மாட்டுவோம். ஒரு வாரம் ஈரக் காற்றில் மூடி வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். வேர் சுண்டை, காய் கத்தரி.

இவ்வளவு பாடும் வாடல் நோய்க்காக. மண்ணில் இருக்கும் கிருமி கத்தரியின் வேர் வழியாக ஏறித் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். நேற்றுப் பச்சையாக நின்ற செடி இன்று வெந்நீர் ஊற்றியதுபோல் தொங்கும். மருந்து அடித்துப் பயனில்லை. ஒருமுறை மண்ணில் வந்துவிட்டால் வருடக்கணக்கில் போகாது. சுண்டை வேருக்குள் அந்தக் கிருமி நுழையவே நுழையாது என்று பலர் நினைக்கிறார்கள். நுழையும். ஆனால் சுண்டை தன் குழாய்ச் சுவரைத் தடித்துக்கொண்டு, வந்தவனை வந்த இடத்திலேயே அடைத்துப் போடும். மேலே ஏற விடாது. வேலியோரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்கிற செடிக்கு அவ்வளவு வைராக்கியம். கத்தரி, பாவம், செல்லமாக வளர்க்கப்பட்டு அந்த வைராக்கியத்தைத் தொலைத்துவிட்டது.

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் முப்பது சென்ட் நிலத்தில் கத்தரி போடுகிற செல்வராணிக்கு இரண்டு பட்டமாக வாடலில் மொத்தமும் போயிற்று. எங்களைப் பற்றி யாரோ சொல்ல, தன் சொந்த விதையைக் கவரில் போட்டு அனுப்பினாள். பச்சையில் வெள்ளை வரி ஓடும் உருண்டைக் கத்தரி. அதைச் சுண்டையில் ஒட்டி, 2,400 நாற்று ஆடியில் அனுப்பி வைத்தேன். இது ஆவணிக் கடைசி. புதன்கிழமை மதியம் போன் செய்தாள். அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. "அக்கா, ஒட்டும் சாகுது. வெள்ளிக்கிழம பத்து மணிக்கு டிராக்டர் வருது, ஒழுதுட்டுத் தைலமரம் வைக்கப் போறாக. அதுக்கு முன்னாடி ஏன் செத்துச்சுன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். சண்டை பிடித்திருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

திண்டுக்கல் 5.50. அங்கிருந்து காரைக்குடி வண்டி. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை கிடைத்தது. நத்தத்தில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். தேநீர் பதினைந்து ரூபாய், சர்க்கரை அளவுக்கு மேலே. சிங்கம்புணரி தாண்டியதும் மண் சிவந்துகொண்டே போயிற்று. திருப்பத்தூரில் இறங்கிப் புதுக்கோட்டை வண்டி மாறினேன். இந்தப் பாதையில் வருகிறவர்கள் திருமயம் கோட்டையைப் பார்க்காமல் வர முடியாது. பாறையும் மதிலும் சன்னலை நிறைத்துக்கொண்டு வந்தன. நானும் பார்த்தேன். ஆனால் கண் கோட்டையில் இருந்தாலும் நெஞ்சு கத்தரியில் இருந்தது. நாற்றிலேயே கோளாறு இருந்ததா, ஒட்டுவதற்குப் பிடித்த பிளேடு சுத்தமாக இல்லையா, என் கையாலேயே கிருமியை அனுப்பி வைத்தேனா என்று மாற்றி மாற்றி யோசித்தபடி வந்தேன்.

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை இருபது கிலோமீட்டர். சாலையின் இரண்டு பக்கமும் தைலமரம். வெள்ளைத் தண்டும் தொங்கும் இலையுமாக, வெயில் வடிந்து தரைக்கு வருகிறது. கீழே ஒரு புல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் இந்த நிலமெல்லாம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டேன். கடலை, வரகு, கொள்ளு என்று விரலை மடக்கினாள். தன் வீட்டிலும் இரண்டு ஏக்கர் தைலமரம்தான் என்றும், தான் தையல் கம்பெனிக்கு வேனில் போவதாகவும் சொன்னாள். மரம் வெட்டிய பிறகு மறுபடி கடலை போடலாமே என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கட்டையைத் தோண்டி எடுக்க ஆகிற செலவுக்கு அந்த நிலமே பெறாதாம்.

10.05 புதுக்கோட்டை. 10.25க்கு வல்லத்திராக்கோட்டை வழியாகப் போகிற டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் கிழித்துக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு, ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பதினைந்து கிலோமீட்டர் சொச்சம் என்றவர், என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கைக்கொத்தைப் பார்த்து, களையெடுக்க இவ்வளவு தூரம் வருகிறீர்களா, எங்கள் ஊரில் ஆள் கிடைக்கவில்லையா என்று சிரித்தார். ஆள் கிடைக்காததல்ல, நல்ல ஆள் கிடைத்ததுதான் சிக்கல் என்பது அப்போது எனக்கே தெரியாது.

11.05. நிறுத்தத்தில் செல்வராணி மொபெட்டோடு நின்றாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி, வேகமான நடை. "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்பினாள். வீடு போகும் இரண்டு கிலோமீட்டரில் மிச்சக் கதையைச் சொன்னாள். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. நிலத்தை இவள் பார்க்கிறாள். மூன்றாவது பட்டமும் போனால் தைலமரம் என்று கணவரும் அவருடைய அண்ணன் கருப்பையாவும் பேசி முடித்துவிட்டார்கள். கருப்பையா கெட்டவர் இல்லை, தன் நான்கு ஏக்கரிலும் அதைத்தான் வைத்திருக்கிறார் என்றும் சொன்னாள். "மரம் வச்சா ஆறு வருசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாத்தாப் போதும்பாக. ஆறு வருசம் நான் என்ன செய்றதுக்கா? கம்பெனி வேன்ல ஏற வேண்டியதுதான்." காற்றில் பாதி வார்த்தை போனாலும் எனக்குப் புரிந்தது.

11.20. வயல். இருபத்துநான்கு வரிசை, வரிசைக்கு நூறு செடி. மேற்கே தண்ணீர் வாய்க்கால், கிழக்கே வரப்போரமாக ஒரு பெரிய வேம்பு. மேற்குப் பக்கத்து எட்டு வரிசையில் நிற்கிற செடியை விரல் விட்டு எண்ணலாம். மற்றதெல்லாம் தொங்கியும் காய்ந்தும் நின்றன. நடுவில் பன்னிரண்டு வரிசை பரவாயில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாவு. கிழக்கில் வேம்பை ஒட்டிய நான்கு வரிசை மட்டும் திருவிழாவுக்குப் புறப்பட்டவைபோல் கொழுத்து நின்றன. பூ எடுத்திருந்தது.

முதலில் நோய் எது என்று உறுதி செய்ய வேண்டும். வாடுகிற செடி எல்லாம் வாடல் நோய் இல்லை. தெளிந்த தண்ணீரும் கண்ணாடி டம்ளரும் கேட்டேன். வீட்டில் எல்லாம் எவர்சில்வர். சிங்கப்பூரிலிருந்து கணவர் கொண்டுவந்து, கண்ணாடி அலமாரியிலிருந்து ஒருநாளும் வெளியே வராத டம்ளர் ஒன்றைச் செல்வராணி எடுத்துக் கழுவிக் கொடுத்தாள். பாதி வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி பிடித்துக்கொண்டேன். மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு வெட்டுவாயிலிருந்து பால்நூல் மாதிரி ஒன்று மெல்ல இறங்கியது. அந்தக் கிருமியேதான். சுண்டையில் ஏற முடியாத கிருமி கத்தரித் தண்டுக்குள் எப்படி வந்தது என்பதுதான் இனிக் கேள்வி.

வாய்க்கால் மேற்கே இருப்பதால் தண்ணீரில் வந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் எட்டாவது வரிசை செத்திருக்க, ஒன்பதாவது பெரும்பாலும் உயிரோடு நின்றது. தண்ணீர் இப்படிக் கோடு கிழித்து வேலை செய்யாது. மண்ணும் செய்யாது. ஆள்தான் செய்வான். நட்டபின் இந்த வயலில் யார் யார் கைவைத்தது என்று கேட்டேன்.

12.30க்குள் களை கொத்திய ஆறு பேரும் வரப்புக்கு வந்துவிட்டார்கள். பக்கத்துக் கடலைக் காட்டில்தான் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். நட்ட இருபத்தைந்தாம் நாள் களை கொத்தும்போது ஆளுக்கு நான்கு வரிசை பிரித்துக்கொண்டார்களாம். முதல் நான்கு வரிசை பாப்பாத்தி. ஐம்பது வயது, அந்தக் குழுவுக்கே தலைமை, பாப்பாத்தி போகாத வயலில் களை போகாது என்று ஊரில் சொல்வார்களாம். அடுத்த நான்கு அவருடைய நாத்தனார், அவரிடமே வேலை பழகியவர். நடுவில் மற்ற மூன்று பேர். கடைசி நான்கு வரிசை ராக்கு. ஏன் ராக்கு அந்தக் கோடிக்குப் போனாள் என்றால், வேப்ப நிழல் அங்கேதான், போனில் பேசவும் வசதி அங்கேதான்.

ராக்கு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும், தன் சோம்பேறித்தனம் வெளியே வரப்போகிறது என்று பயந்துவிட்டாள் போலிருந்தது. நான் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் வரிசைக்கே போனேன். மேலாகச் சுரண்டிவிட்டுப் போயிருந்தாள். புல் அப்படியே. செடியின் அடியிலிருந்து சுண்டைக் குருத்துகூடக் கிள்ளப்படாமல் வளர்ந்திருந்தது. ஒட்டு விழுந்த இடம், கிளிப்பின் தழும்போடு, தரைக்கு மேலே மூன்று விரல் உயரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கிருந்து நேரே பாப்பாத்தியின் வரிசைக்கு நடந்தேன். ஒவ்வொரு செடிக்கும் அடியில் மண் கூம்பாக, அளவெடுத்ததுபோல் அணைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு அழகான மண் அணைப்பை நான் பார்த்ததில்லை. ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. நான்கு விரல் மண்ணுக்கு அடியில் இருந்தது. கைக்கொத்தால் செத்த செடி ஒன்றைத் தோண்டித் தூக்கினேன். கீழே சுண்டை வேர், முரட்டுத்தனமாக, வெள்ளையாக, ஒரு சேதமும் இல்லாமல். ஒட்டுக்கு மேலே, கத்தரித் தண்டிலிருந்து சுற்றிலும் புதிதாக இறங்கிய மெல்லிய வேர்கள். அவை எல்லாம் பழுப்பேறி அழுகியிருந்தன.

விஷயம் அவ்வளவுதான். கத்தரித் தண்டில் ஈரமண் பட்டால் அது தன் பழைய புத்தியில் வேர் விடும். அந்த வேர் கத்தரி வேர். கிருமிக்கு அது திறந்த கதவு. கீழே சுண்டை உயிரைக் கொடுத்து வாசலைக் காத்துக்கொண்டிருக்க, மேலே நாம் சன்னலைத் திறந்து வைத்துவிட்டோம். நல்ல வேலைக்காரி எவ்வளவு மண் அணைத்தாளோ அவ்வளவு செடி செத்திருந்தது. ஆறு பேரின் பெயரையும் வேலைத் திறமைப்படி வரிசையாக எழுதினால், சாவுக் கணக்கும் அதே வரிசையில் வரும். எனக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது. பாப்பாத்தியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அவர் தோண்டிய செடியைக் கையில் வாங்கி, அழுகிய வேரை விரலால் உரசிப் பார்த்தார். "நாப்பது வருசமா மண்ணு அணைக்கிறேன். அணைச்சதுக்குச் செத்த செடிய இன்னிக்குத்தான் பாக்குறேன். அப்ப எங்கையிதான் கொன்னுருக்கு, அப்படித்தானே?" என்றார். கேள்வி என்னைப் பார்த்துத்தான்.

எனக்கு அப்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. நாற்றுத் தட்டோடு நான் அனுப்பிய சீட்டில் ஒன்பது குறிப்பு உண்டு. ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடவும் என்பது நாலாவது. அவர்கள் அப்படியேதான் நட்டிருந்தார்கள். நட்ட பிறகு மண் அணைக்காதீர்கள் என்று ஒரு வரி அந்தச் சீட்டில் இல்லை. எங்கள் பக்கத்தில் பாத்திமேல் பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, ஓட்டை போட்டு, அதில்தான் நடுகிறோம். களையும் இல்லை, மண் அணைப்பும் இல்லை. மண் அணைப்பது என்று ஒரு வேலை இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. "உங்க கை கொல்லலக்கா. சொல்ல வேண்டியதை நான் சொல்லல. தப்பு என்னுது" என்றேன். பாப்பாத்தி செடியைத் தரையில் வைத்தார்.

செல்வராணி மட்டும் வேறு கணக்கில் இருந்தாள். நடுப் பன்னிரண்டு வரிசையைக் காட்டி, இன்னும் சாகாததை என்ன செய்வது என்று கேட்டாள். மண்ணை விலக்கி, ஒட்டு வெளியே தெரியும்படி செய்து, கத்தரித் தண்டில் இறங்கிய வேரை எல்லாம் பிளேடால் நறுக்க வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் பிளேடைப் பிளீச்சிங் தண்ணீரில் முக்க வேண்டும், இல்லையென்றால் நாமே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கிருமியைப் பரிமாறுவோம். மேற்கு எட்டு வரிசையைக் கைவிட வேண்டியதுதான். ஏற்கெனவே கிருமி ஏறிய செடி எப்படியும் சாகும். எத்தனை பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவையும் சொன்னேன். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு செடி. மறுநாள் பத்து மணிக்கு டிராக்டர்.

"ராக்கு, போனை வீட்டுல வச்சிட்டு வா" என்றாள் செல்வராணி. கருப்பையாவிடம் அவள் போய்ச் சொல்லவில்லை. வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

பிற்பகல் 2.15. ஏழு பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தகரடப்பா மருந்துத் தண்ணீர். முதலில் வாய்க்காலிலிருந்து நடு வரிசைகளுக்குப் போகிற மடையை மண் வைத்து அடைத்தோம், மேற்கத்தித் தண்ணீர் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று. முதல் பத்து செடிக்கு அரை மணிநேரம் ஆயிற்று. ஆட்கள் மண்ணை விலக்கினார்களே தவிர வேரில் பிளேடு வைக்கக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிற செடியின் வேரை அறுப்பது யாருக்குத்தான் மனம் வரும்? பாப்பாத்தி எங்களோடு உட்காரவில்லை. செத்த வரிசைகளில் போய் ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். தன்னுடைய நான்கு வரிசையையும் வேறு யாரும் தொட விடவில்லை.

மாலை 4.40. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, பிளேடு கேட்டார். கொடுத்தேன். ஐந்து நிமிடம் என் கையைப் பார்த்தார். பிறகு மண்ணை ஒரே இழுப்பில் விலக்கி, இடது கட்டைவிரலால் தண்டைத் தாங்கி, வேரைச் சுற்றி நறுக்கி, பிளேடை முக்கி, அடுத்த செடிக்கு நகர்ந்தார். நான் இரண்டு செடி முடிப்பதற்குள் அவர் ஐந்து முடித்தார். இருட்டி வேலையை நிறுத்தியபோது எண்ணிப் பார்த்தோம். எழுநூறுக்குப் பக்கம்.

அன்றிரவு செல்வராணி வீட்டில் தங்கினேன். சோறு, கருவாட்டுக் குழம்பு, வேம்போரத்துச் செடியில் முதலில் வந்த நான்கு பிஞ்சுக் கத்தரியைப் பறித்து வதக்கல். அந்தக் கத்தரியை இதற்கு முன் விதையாகவும் நாற்றாகவும் மட்டுமே எனக்குத் தெரியும். வெண்ணெய் மாதிரி கரைந்தது. இதற்காகத்தான் இவள் வேறு ரகம் மாற மறுக்கிறாள் என்று புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை 5.40. பனியில் மண் ஈரமாக இருந்தது, வேலை சுளுவாக ஓடியது. ஆறு பேரும் வந்துவிட்டார்கள். ராக்குவின் நான்கு வரிசைக்கு அணைப்பை விலக்கும் வேலையே இல்லை என்பதால் சுண்டைக் குருத்தைக் கிள்ளும் வேலை மட்டும் அவளுக்கு. தன் வரிசைதான் ஊரிலேயே நன்றாக நிற்கிறது என்று ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொல்ல பாப்பாத்தி விடவில்லை.

9.50. கடைசிச் செடியைச் செல்வராணி முடித்தாள். முதுகை நிமிர்த்தும்போதே டிராக்டர் சத்தம் கேட்டது. கருப்பையா வரப்பில் நடந்து வந்தார். அறுபதை நெருங்கியவர், தோளில் துண்டு, மெதுவான பேச்சு. என்ன நடந்தது என்பதைப் பொறுமையாகக் கேட்டார். அழுகிய வேரையும் அழுகாத வேரையும் காட்டினேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நாங்கள் வேர் நறுக்கிய செடிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தன.

இது எதிர்பார்த்ததுதான். பாதி வேரை அறுத்தால் செடி வெயிலில் தாங்காது. ஆனால் வாடல் நோய் வந்த செடியும் முதல்நாள் இப்படித்தான் தொங்கும். இரண்டையும் பார்வையில் பிரிக்க என்னாலும் முடியாது. பதினோரு மணிக்கு நடு வரிசை பன்னிரண்டும் தொங்கிக்கொண்டு நின்றன. கருப்பையா என்னைப் பார்த்தார். வெயில் தாழ்ந்தால் நிமிரும் என்று சொன்னேன். நிமிராவிட்டால் என்று அவர் கேட்கவில்லை, டிராக்டர்காரரிடம் திரும்பினார். ஒரே ஓட்டாக முடித்துவிடலாம், திரும்பத் திரும்ப வண்டி கூப்பிட முடியாது என்றார்.

செல்வராணி எட்டாவது வரிசைக்கும் ஒன்பதாவது வரிசைக்கும் நடுவில் போய் நின்றாள். கையில் பிளேடு இன்னும் இருந்தது, அதைக் கவனிக்கவில்லை. "பெரியத்தான், அங்கிட்டு எட்டு வரிசையும் செத்துப்போச்சு. ஒழுதுக்கங்க, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இங்கிட்டு இருக்குறது இன்னும் சாகல. செத்துச்சுன்னா நானே ஆள் விட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இந்த வரிசையத் தாண்டி வண்டி வரக் கூடாது." குரலை உயர்த்தவில்லை. டிராக்டர்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தார்.

கருப்பையா தொங்கும் வரிசைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை பார்ப்போம் என்றார். எட்டு வரிசை மட்டும் உழப்பட்டது. டிராக்டர் வெளியே போகும்போது கொழுவையும் சக்கரத்தையும் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன். சாமிக்குச் செய்கிற மாதிரி இருக்கிறது என்று ஓட்டுநர் முனகினாலும் கழுவினார்.

எனக்கு 1.30 வண்டி. போகவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நாற்றுக்காரிக்கு இதைவிடக் கொடுமையான வேலை கிடையாது: தொங்குகிற செடியைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது. தண்ணீர் விடலாமா என்று செல்வராணி மூன்று தடவை கேட்டாள். நறுக்கிய காயம் ஆறாமல் தண்ணீர் காட்டினால் கிருமிக்குப் பந்தி வைத்ததுபோல் ஆகும் என்றேன். நான்காவது தடவை அவள் கேட்கவில்லை. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, ராக்கு விட்டுவைத்த புல்லைப் பிடுங்கப் போய்விட்டாள்.

5.20. வேம்பின் நிழல் கிழக்கே நீண்டு வயலைவிட்டு வெளியே போயிருந்தது, சூடும் இறங்கியிருந்தது. முதலில் பார்த்தது ராக்கு. பதினெட்டாவது வரிசையில் ஒரு செடியின் கொழுந்து நிமிர்ந்திருப்பதாகச் சொன்னாள். போய்ப் பார்த்தோம், நிமிர்ந்துதான் இருந்தது. அரை மணிநேரத்தில் அந்த வரிசை முழுவதும், பிறகு அடுத்தது. ஒரு தலை, இரண்டு தலை என்று எண்ண முடிந்தது சிறிது நேரம்தான். ஆறு மணிக்கு நான் எண்ணியது நிமிராதவற்றை: நறுக்கிய அத்தனையிலும் தொண்ணூற்றுநான்கு. அவற்றை அன்றைக்கே பிடுங்கச் சொன்னேன். செல்வராணி வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கருப்பையா வந்தார். வரிசை வரிசையாக நடந்தார். பதினொன்றாவது வரிசையில் நின்று, நிமிர்ந்த செடி ஒன்றின் இலையைத் தடவிப் பார்த்தார். தைலமரம் வைத்தவர் என்றாலும் பிறவி விவசாயி. அடித்தண்டு வெறுமனே தெரிவது அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. வலது காலால் மண்ணை மெல்லச் செடியின் அடிக்குத் தள்ளினார்.

"அண்ணே, காலை எடுங்க" என்றார் பாப்பாத்தி.

கருப்பையா திரும்பிப் பார்த்தார். பாப்பாத்தி குனிந்து, அவர் தள்ளிய மண்ணைக் கையாலேயே வழித்து அப்பால் போட்டார். "இது அணைக்கக் கூடாத செடி. அடிய மூடுனாச் செத்துப்போகும். ஊருக்குள்ள நீங்களும் சொல்லுங்க." கருப்பையா காலை எடுத்துவிட்டார். வரப்புக்குப் போனபின், தம்பிக்கு இன்றைக்கே போன் போட்டு இந்தப் பட்டம் முடியட்டும் என்று சொல்லிவிடுவதாகச் செல்வராணியிடம் சொன்னார்.

6.50க்குப் புதுக்கோட்டை பேருந்து. செல்வராணி நிறுத்தம்வரை வந்து, ஒன்பது குறிப்புச் சீட்டைப் பத்தாக்குங்கள் அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். எங்கள் நாற்றுப்பண்ணையில் நிழல்வலைக்குக் கீழே இரண்டு லட்சம் செடி நிற்கும். அத்தனையும் நான் சொன்னபடி வளரும், நான் சொன்னபடி தட்டில் ஏறும், வாசல் கேட்டைத் தாண்டும். தாண்டிய பிறகு எந்த மண்ணில், எந்தக் கையில், எந்தப் பழக்கத்தில் போய் விழுகிறது என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடப் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. சுண்டையின் வைராக்கியத்தை நம்பியே வியாபாரம் செய்துவிட்டேன். அந்த வைராக்கியத்துக்கும் ஒரு எல்லை உண்டு, அது ஒட்டு விழுந்த இடத்தோடு நிற்கிறது.

வண்டி கிளம்பியதும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். செடி பிழைத்ததைச் சொன்னேன். மணப்பாறைப் பக்கம் போக வேண்டிய நான்காயிரம் ஒட்டு நாற்றைத் திங்கட்கிழமை வேனில் ஏற்றும்போது என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். சீட்டில் ஒரு வரி சேர்த்து அனுப்பினால் போதாதா, நீ எதற்கு என்று மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அங்கேயும் நல்ல வேலைக்காரர்கள் இருப்பார்கள் என்றேன்.